அடுத்து யாருக்குப் போகணும்

"நீங்க எடுக்கலன்னா அடுத்து யாருக்குப் போகணும் மேம்?" என்று சென்னையிலிருந்து அந்தப் பெண் கேட்டாள், யோசிச்சு வைங்க, நான் சாப்பிட்டுட்டுக் கூப்பிடுறேன் என்று வைத்தும்விட்டாள், அவளுக்கென்ன, டப்பாவைத் திறந்து பக்கத்து நாற்காலிக்காரியோடு பேசிக்கொண்டே சாப்பிட்டுவிடுவாள், இங்கே ஆவுடையம்மாளுக்குக் கொதிக்கிற உலையில் அரிசியைப் போடக்கூடக் கை வரவில்லை. கேள்வி என்னவோ சின்னதுதான். இன்டர்நெட் போன் வாங்குகிற எல்லாரிடமும் கேட்பதுதான். கடைக்காரன் தம்பி நம்பரைச் சொல்லுவான், டாக்டர் நர்ஸ் நம்பரைச் சொல்லுவார், சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்கள். ஆவுடையம்மாள் மட்டும் நூலில் கால் சிக்கின கோழி மாதிரி அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறாள். தென்காசியில் அவளைப் பார்த்தவர்கள் குறைவு, கேட்காதவர்கள் கிடையாது. ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு, இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று தெருத்தெருவாகப் போகிறதே ஒரு பெண்குரல், அது இவளுடையது. நகைக்கடைத் திறப்பும் பள்ளிக்கூட அட்மிஷனும் ஆடித் தள்ளுபடியும் இதே வாய்தான் பேசுகிறது, ஆனாலும் ஊர் மனதில் எடுத்து வைத்துக்கொண்டது சாவுக் குரலை மட்டும். ஸ்டுடியோ வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அம்மா இருந்த காலத்தில் உளுந்து மூட்டை கிடந்த அறை, சுவரெல்லாம் பழைய பஞ்சு மெத்தையை நிறுத்தி, அதன்மேல் அம்மாவின் நூல்சேலைகளை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு மைக்கும் ஒரு ஸ்டூலும். எலி வளையானாலும் தனி வளை. கதவைச் சாத்திவிட்டால் பஸ்காரன் அடிக்கிற ஹாரன் உள்ளே வராது. உள்ளேயிருந்தும் ஒன்றும் வெளியே போகாது, ஆனால் அதை இப்போது நினைக்கக் கூடாது, இப்போது அரிசியைப் போட வேண்டும். போட்டாள்.

போனை ஸ்டுடியோவுக்குள் கொண்டுபோக முடியாது, அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மைக்குக்குப் பக்கத்தில் செல்போன் இருந்தால் ட்ர்ர்ர் என்று ஓர் இரைச்சல் ரெக்கார்டிங்கில் ஏறிவிடும், இயற்கை எய்தினார் என்கிற இடத்தில் அது விழுந்தால் செத்தவர் தொண்டையைக் கனைக்கிற மாதிரி இருக்கும். ஆகவே போன் எப்போதும் அடுப்படியில், அரிசி டின்னுக்கு மேல். உள்ளே பேசிக்கொண்டிருக்கையில் வருகிற அழைப்புகள் போனது போனதுதான். செத்த வீட்டுக்காரர்கள் இரண்டாம் தடவை கூப்பிட மாட்டார்கள், அவர்களுக்குப் பந்தல்காரன் இருக்கிறான், ஐஸ்பெட்டிக்காரன் இருக்கிறான், கூப்பிட ஆயிரம் பேர். ஆவுடையம்மாள் எடுக்காவிட்டால் கடையநல்லூர் ஜெபராஜுக்கு அடித்துவிடுவார்கள். அவனும் ஒரு ஸ்டுடியோக்காரன், வருத்தத்துடன் என்பதை வறுத்தத்துடன் என்று உச்சரிக்கிறவன், அவன் அறிவிப்பைக் கேட்டால் பிரேதத்தை எண்ணெய்ச் சட்டியில் போட்ட மாதிரி இருக்கும், இருந்தும் அவனுக்குத் தொழில் நடக்கிறது, அவன் வீட்டில் போனை எடுக்க ஒரு பெண்டாட்டி இருக்கிறாள். அதனால்தான் ஒரு வாரமாக இந்த ஆராய்ச்சி. வாணி கனெக்ட் என்று ஒன்று, மலிவு, ஆனால் கரண்ட் போனால் அதுவும் போய்விடும், தென்காசிக் காற்றுக்குக் கம்பி எத்தனை நாள் நிற்கும். ஹலோநெட் என்று இன்னொன்று, அதில் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு குரல் வரவேற்புச் சொல்லுமாம், ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் என்று. உங்க குரலிலேயே வச்சுக்கலாம் மேடம், உங்களுக்கு ரெக்கார்டிங் செலவு மிச்சம் என்று அந்தப் பையன் சிரித்தான். துக்கத்துக்கு ஒன்று, துணிக்கடைக்கு இரண்டு. தாயைக் கட்டிலிலிருந்து இறக்கிப் போட்டுவிட்டு போன் பண்ணுகிறவனிடம் ஒன்றை அழுத்து என்று சொல்ல ஆவுடையம்மாளுக்கு வாய் வருமா. வேண்டாம் தம்பி என்றாள். மூன்றாவது இந்தப் பேச்சுப்பாலம், நிவேதிதா என்கிற பெண் பொறுமையாகப் பேசினாள். கம்ப்யூட்டரிலும் அடிக்கும், செல்லிலும் அடிக்கும், தென்காசி எஸ்.டி.டி. கோடு போட்ட நம்பர், பேசுவதையெல்லாம் பதிவுசெய்தும் வைக்குமாம், செத்தவரின் பேரப்பிள்ளைகள் பெயரை மறுபடி போட்டுக் கேட்டுத் தப்பில்லாமல் வாசிக்கலாம், இதைவிட என்ன வேண்டும், சரி தாயி இதையே போட்டிரு என்று சொல்லிவிட்டாள். அப்போதுதான் நிவேதிதா அந்தக் கேள்வியைக் கேட்டாள். கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்ட கதைதான்.

அடுத்து யாருக்கு. என் செல் நம்பரையே அடுத்ததாகவும் போட்டிருமா என்று இவள் கேட்டதற்கு, அப்படிக் குடுத்தா சுத்திச் சுத்தி உங்களுக்கேதான் வரும் மேம், சிஸ்டம் ஏத்துக்காது என்றாள். சுற்றிச் சுற்றித் தனக்கே வருவதை இந்த வீடு ஏற்றுக்கொண்டிருக்கிறது, சிஸ்டம் ஏற்றுக்கொள்ளாதாம், நல்ல சிஸ்டம். சரி, மெசேஜ் மெஷின் மாதிரி ஒன்றை வைத்துவிடலாமா என்றும் அவளே கேட்டாள். பீப் சத்தத்துக்குப் பிறகு அழவும் என்று சொல்லச் சொல்கிறாயா. அடுத்து யாருக்கு. ஆட்டோ சுடலைமுத்து இருக்கிறான், இவள் குரலை ஊரெல்லாம் ஏற்றிக்கொண்டு போகிறவன், ஒரு வகையில் இவளோடு அதிகம் இருப்பவன் அவன்தான், ஆனால் அவன் போனை எடுத்தால் சரிண்ணே சரிண்ணே என்று வைத்துவிடுவான், யார் செத்தது எந்தத் தெரு என்று கேட்க மாட்டான், அதோடு சாயங்காலம் ஆனால் அவன் அவனாக இருப்பதில்லை. எதிர்வீட்டு சீதாலட்சுமி டீச்சர்? வாசல் தெளிக்கையில் பார்த்துச் சிரிக்கிறவள்தான், நல்லவள்தான், ஆனால் மகன் வேலைக்கு இன்டர்வியூ போகிற காலையில் இவள் கதவு திறந்திருந்தால் அவள் மகனைப் பின்வாசல் வழியாக அனுப்புவதை ஆவுடையம்மாள் பார்த்திருக்கிறாள். பார்த்ததில் கோபமில்லை. காலையில் எழுந்து எவனாவது சாவுக் குரலின் முகத்தில் முழிப்பானா. ஆனால் அதற்கப்புறம் காலையில் கதவைக் கொஞ்சம் தாமதமாகத் திறக்கிறாள். அடுத்து யாருக்கு. போனில் நம்பர்களைத் தள்ளிக்கொண்டே போனாள், விரலுக்கு அடியில் ஊரே ஓடியது, மேலகரம் சண்முகையா அப்பா, குத்துக்கல்வலசை மிலிட்டரிக்காரர் மனைவி, வாய்க்கால்பாலம் டீக்கடை, எல்லாம் செத்தவர்களின் பெயரில் பதிந்து வைத்த நம்பர்கள். யார் பேசினார்களோ அவர்கள் பெயரை இவள் கேட்டுக்கொண்டதே இல்லை. எல்லாரும் காரியத்துக்காகக் கூப்பிட்டவர்கள், காரியம் முடிந்ததும் போனவர்கள். சும்மா கூப்பிட்டவர் என்று இந்தப் போனில் ஒருத்தரும் இல்லை. இது மட்டும் ஆவுடையம்மாளுக்குச் சுருக்கென்று பட்டது, அழுகை வருகிற மாதிரி இருந்தது, சோறு பொங்கி வழிகிற சத்தத்தில் மூடியைத் தூக்கப் போனாள்.

போன மாதம் மட்டும் அது நடக்காமல் இருந்திருந்தால் இந்த ஆராய்ச்சியே இல்லை, ஜெபராஜ் நன்றாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பாள். நிவேதிதாவிடம் அழைப்புகள் தவறுகின்றன என்றுதான் சொன்னாள், பொய்யில்லை, பாதி நிஜம். அன்றைக்கு ஒரு ஜவுளிக்கடைக்குப் பேசிக்கொண்டிருந்தாள், வாருங்கள் வாருங்கள் என்று இரண்டாம் வாருங்களில் மூச்சை இழுத்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஸ்டூல் எங்கே போனது என்று தெரியவில்லை, தரையில் கிடந்தாள். முகத்துக்கு நேராக அம்மாவின் கத்தரிப்பூ நிறச் சேலையின் கரை. கை வரவில்லை, கால் எங்கோ இருந்தது. கதவு சாத்தியிருந்தது. அப்போது அடுப்படியில் போன் அடித்தது. சத்தம் வராத அறைக்குள்ளும் அரிசி டின் அதிர்ந்து ங்ங்ங் என்று ஓர் ஓசை தரை வழியாக வந்து காதுக்கடியில் கேட்டது. யாரோ ஒருத்தர் தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அந்த நேரத்தில் தோன்றியது, இவ்வளவு அடிக்கிறதே, எடுக்கவில்லையே என்று யோசிப்பார்கள், யோசித்து யாரையாவது அனுப்புவார்கள். போன் நின்றது. மறுபடி அடிக்கும் என்று காத்தாள். அடிக்கவில்லை. ஐயோ என்று கத்திப் பார்த்தாள், தன் குரலை மெத்தைகள் குடித்துக்கொண்டதை அவளே கேட்டாள், ஊரையே நிறுத்திக் கேட்க வைக்கிற குரல், ஒரு கதவைத் தாண்டவில்லை. வெயில் சாய்ந்த பிறகு எப்படியோ எழுந்து, சுவரைப் பிடித்து வந்து, சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தாள். வேறு யாருமில்லை, ஜவுளிக்கடைக்காரன். மறுநாள் அவன், என்னம்மா போனை எடுக்கல, நான் கடையநல்லூர்ல குடுத்துட்டேன் என்றான். அன்றிலிருந்து கதவைச் சாத்தும்போதெல்லாம் ஒரு பயம். கதவைத் திறந்து வைத்தால் பஸ் சத்தம் பதிவாகிறது, சாத்தினால் பயம் பதிவாகிறது, குரலில் ஒரு நடுக்கம் வந்திருக்கிறது என்று சுடலைமுத்துவே சொன்னான், நல்லா உருக்கமா இருக்குக்கா என்று. ஆகவே நிவேதிதா கேட்டது போன் கேள்வி இல்லை. நீ எடுக்காமல் கிடந்தால் யார் வருவார்கள் என்பது அந்தக் கேள்வி, அவளுக்கே தெரியாமல் கேட்டுவிட்டாள்.

பகவதி. சொல்லாமல் சொல்லாமல் வைத்திருந்த பெயர் இதுதான். கூடப் பிறந்த ஒரே அக்கா, சுரண்டையில் இருக்கிறாள், பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் தூங்குவதற்குள் வந்துவிடும், இரண்டு வருஷமாக ஏறவில்லை. அம்மா போனதை இவள்தான் போனில் சொன்னாள், மாமா போனதையும் சித்தி போனதையும் இவள்தான் சொன்னாள், எப்படியோ எல்லாச் சாவும் முதலில் ஆவுடையம்மாளுக்குத்தான் தெரிந்தது, தொழில் அப்படி. ஒரு பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டால், எடுத்ததும் பகவதி, "யாருட்டி?" என்றாள். யார் பேசுகிறாய் என்பதில்லை, யார் போய்விட்டார்கள் என்று. ஒருத்தருமில்லக்கா, பொங்கலுக்குத்தான் என்றதும், "உன் நம்பரப் பாத்தாலே எனக்கு வயித்தக் கலக்குதுட்டி" என்று சிரித்தாள். சிரித்துத்தான் சொன்னாள். அதையெல்லாம் பொறுத்திருக்கலாம், அக்கா மகள் கல்யாணத்தில்தான் கெட்டது. மண்டபத்தில் மைக்செட்காரன் எங்கோ போய்விட்டான், மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைப் பந்திக்குக் கூப்பிட வேண்டும், எவனோ ஒருத்தன், நம்ம அக்காவே இருக்காகளே என்று மைக்கை இவள் கையில் கொடுத்துவிட்டான். மைக்கைப் பிடித்தால் அவளுக்கு வேறு உயிர் வந்துவிடும். மாப்பிள்ளையின் தாத்தா பெயர், அப்பா பெயர், மாப்பிள்ளை பெயர் என்று வரிசையாக, கணீரென்று, ஊர்ப் பெயரோடு சொன்னாள், சொல்லி முடித்த வேகத்தில் நாக்கு பழக்கத்துக்குப் போய்விட்டது. அன்னாரின், என்றாள். அன்னாரின் திருமண விருந்து என்றுகூட முடித்திருக்கலாம், அதுவும் வரவில்லை, நின்றுவிட்டாள். மண்டபம் முழுவதும் சாப்பிடுகிற சத்தம் நின்றது. பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, யாரு, எப்ப என்று கேட்டார். சில பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. பகவதி வந்து மைக்கைப் பிடுங்கினாள், முகத்தைப் பார்க்காமல், "ஏட்டி, இன்னைக்கு ஒரு நாளாவது வாயப் பொத்திக்கிட்டு இருக்கக் கூடாதா" என்றாள். ஆவுடையம்மாள் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாள். அக்கா கூப்பிடுவாள் என்று பார்த்தாள், தங்கை கூப்பிடட்டும் என்று அக்காவும் பார்த்திருப்பாள். அந்தப் பெண்ணுக்கு இப்போது குழந்தை பிறந்துவிட்டது, பேர் வைத்ததை ஒரு சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவில்தான் பார்த்தாள். நல்ல நாளில் இந்தக் குரல் போய் என்னத்துக்கு. சோறு வடிக்க மறந்திருந்தாள், அடிப்பிடித்த வாசனை வந்தது.

சில சமயம் ஸ்டுடியோவுக்குள் மைக்கை அணைத்துவிட்டுத் தன்னுடையதை ஒருதரம் சொல்லிப் பார்ப்பாள். பைத்தியக்காரத்தனந்தான், ஆனால் தையல்காரி தனக்கு ஒரு ரவிக்கை தைத்துப் பார்க்க மாட்டாளா. தென்காசி மைக்செட் கடை வேலாயுதம் பிள்ளை அவர்களின் இளைய மகளும், சுரண்டை பகவதியம்மாள் அவர்களின் தங்கையுமாகிய, என்று வரும். அதோடு சரி. மற்றவர்களுக்கு அங்கேதான் ஆரம்பிக்கும், மகன்கள் மருமகள்கள் பேரன் பேத்தி, பெயர் விட்டுப்போனால் சண்டைக்கு வருகிறவர்கள், முந்திப்பிந்தி வாசித்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கிறவர்கள், ஆட்டோ ஒரு தெருவைச் சுற்றி வந்தாலும் முடியாத பட்டியல். இவளுடையது தெருமுனை திரும்புவதற்குள் முடிந்துவிடும். அதையும் ஜெபராஜ்தான் வாசிப்பான், வறுத்தத்துடன். ஆவுடையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணீரும் வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டு அடிப்பிடித்த சோற்றின் மேல்சோற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கையில் அரிசி டின்மேல் போன் அடித்தது.

"மேம், நிவேதிதா பேசுறேன். சாப்டீங்களா? அந்த செகண்ட் நம்பர் சொல்றீங்களா?"

யாரும் இல்லை தாயி, அது இல்லாமல் முடியாதா என்றுதான் கேட்க நினைத்தாள். ஆனால் வாய் திறந்ததும் எண்கள் வந்தன. இரண்டு வருஷமாக அழுத்தாத நம்பர், நாக்கு மட்டும் மறக்கவில்லை. தொடர்பு எண்ணை அறிவிப்பில் எப்போதும் இரண்டு தடவை சொல்லுவாள், இதையும் இரண்டு தடவை சொன்னாள். பேர் என்ன மேம் என்றதற்கு, பகவதி, எங்க அக்கா என்றாள். அந்த வார்த்தை வாய்க்குள் புதிதாக இருந்தது.

"சூப்பர் மேம். இப்ப டெஸ்ட் பண்ணிடலாம். நான் உங்க புது நம்பருக்கு அடிக்கிறேன், நீங்க எடுக்காதீங்க. அடிச்சு அடிச்சுத் தானா அவங்களுக்குப் போகும்."

"அவுகளுக்கு இப்பமே போகுமா? நான் அவுககிட்ட இன்னும் சொல்லலையே தாயி..."

அதற்குள் வைத்துவிட்டாள். போன் அடிக்க ஆரம்பித்தது. வாழ்நாளில் அடிக்கிற போனை எடுக்காமல் நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை, கை தானாகப் போனது, இழுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள், அரிசி டின் ங்ங்ங் என்று அதிர்ந்தது, அன்றைக்குத் தரையில் காதை வைத்துக் கேட்ட அதே ஓசை. அடித்தது, அடித்தது, நின்றது. இப்போது சுரண்டையில் அடிக்கும். பகவதி இந்நேரம் சாப்பிட்டுவிட்டுக் கையை நீட்டிப் படுத்திருப்பாள், தென்காசி கோடு போட்ட நம்பரைப் பார்ப்பாள், வயிற்றைக் கலக்கும், எடுக்க மாட்டாள். எடுத்தால் எந்தச் சனியன் என் நம்பரைக் கொடுத்தது என்பாள். என்ன காரியம் பண்ணினேன், கேட்காமல் கொடுத்துவிட்டேனே, நல்ல நாளா கெட்ட நாளா என்றுகூடப் பார்க்கவில்லையே, பேரப்பிள்ளையைத் தொட்டிலில் போட்டிருந்தால். அடுப்படியில் எந்தச் சத்தமும் இல்லை. இந்த வீட்டின் அமைதி எவ்வளவு பெரிது என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு போன் அடித்தது. அக்கா என்று திரையில் எழுதியிருந்தது.

"ஏட்டி ஆவுடை! ஆவுடை! பேசுட்டி!"

"அக்கா..."

"என்னட்டி ஆச்சு உனக்கு? யாரோ ஒரு பிள்ள பேசுதா, ஆவுடையம்மாள் மேம் எடுக்கல அதான் உங்களுக்கு வந்திருக்குங்கா. எடுக்கலன்னா என்னட்டி அர்த்தம்? எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. செருப்பப் போட்டுட்டு வாசலுக்கு வந்துட்டேன், பஸ்ஸுக்கு. நீ நல்லாத்தான இருக்க?"

யாருட்டி என்று அவள் கேட்கவில்லை. அது ஆவுடையம்மாளுக்கு மெள்ளத்தான் உறைத்தது. எத்தனையோ பேரின் செய்தியை ஆடாமல் அசையாமல் சொன்னவள், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன்க்கா. ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"சும்மாவா? பாவி மட்ட, நெஞ்சு நின்னு போச்சு எனக்கு. சும்மா கூப்பிடுதவ நீயே கூப்பிட வேண்டியதுதான, ஊர்ல உள்ள பிள்ளய விட்டா கூப்பிடுவ?" மூச்சு வாங்கியது, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, அவள் செருப்பைக் கழற்றிப் போட்டது கூடக் கேட்டது. "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? சாப்ட்டியா?"

"சோறு அடிப்பிடிச்சிட்டுக்கா."

"எப்பவும் அடிப்பிடிக்கத்தான் செய்யும் உனக்கு. தீயக் கொறச்சு வைக்கத் தெரியுமா? என்ன கொழம்பு?"

இன்னும் வைக்கல என்று சொல்லிக்கொண்டே ஆவுடையம்மாள் தரையில் உட்கார்ந்தாள், காலை நீட்டிக்கொண்டாள். காதில் வேறொரு அழைப்பு பீப் பீப் என்று குறுக்கே வந்தது, நிவேதிதாதான், டெஸ்ட் சரியா வந்துச்சா மேம் என்று கேட்கக் கூப்பிடுகிறாள். எடுக்கவில்லை. பீப் நின்றது. கொஞ்ச நேரத்தில் பகவதி பேச்சை நிறுத்தி, "ஏட்டி, இங்க குறுக்க அந்தத் தென்காசி நம்பர் மறுபடி வருது. என்ன செய்ய?" என்றாள்.

"அடிக்கட்டும்க்கா," என்றாள் ஆவுடையம்மாள். "எடுக்காத. பிள்ளைக்கு என்ன பேர் வச்சிருக்கிய, நீ சொல்லு."